பூச்சியக்கா தூங்கிக் காட்டிய கட்டில்

மூட்டைப்பூச்சி ஒழிக்கிற வேலையை யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. எங்கள் தெருவில் ஒருத்தி ஆசைப்பட்டுத்தான் செய்கிறாள். பூச்சியக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவள் கடைக்கும் என் சாவிக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குச் சளி பிடிக்கும். அங்கே நடந்த சண்டையை நான் ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆள் குள்ளம். குரல் மூன்று கடை தாண்டும். அவள் கணவர் மருந்து கலப்பார், வண்டி ஓட்டுவார், வாயை மட்டும் திறக்க மாட்டார். வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெத்தைக்கு நீராவி அடித்து, கட்டில் இடுக்கெல்லாம் மருந்து வைத்து, ஜன்னலைத் திறந்து வாடை போன பிறகு, வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டு அந்தக் கட்டிலில் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். நடிப்பெல்லாம் இல்லை. குறட்டையே விடுவாள். எழுந்து கையை நீட்டிக் காட்டுவாள். "ஒரு தடிப்பு இருந்தாலும் காசு வேண்டாம்" என்பாள். பிறகு அங்கேயே உடை மாற்றி, போட்டிருந்த துணியைப் பையில் இறுகக் கட்டுவாள். வேலைக்குப் போன துணியோடு அவள் தன் வீட்டு வாசலை மிதித்ததே கிடையாது.

இந்தத் தூக்கம்தான் அவளைப் பிரபலமாக்கியது. அதை ஊருக்குச் சொன்னவன் அவளுடைய கொழுந்தன். அவனைச் சின்னவன் என்றே கூப்பிடுவோம். அம்மா இல்லாத பையன். அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். ஃபோனில் அவனுக்குத் தெரியாத வித்தை இல்லை.

"அண்ணி, இனிமே யாரும் போர்டைப் பாத்துட்டுக் கடைக்கு வர மாட்டாங்க. ஃபோன்ல தேடுவாங்க. மேப்ல முதல்ல வர்றவன் பொழைப்பான், கீழ கிடக்கிறவன் ஈ ஓட்டுவான்" என்று சொல்லி, மேப்பில் கடைக்கு ஒரு பக்கம் திறந்தான். வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மெசேஜ் போட்டு, நாலு வரி எழுதச் சொல்லிக் கெஞ்சினான். அதை மறைக்கக்கூடாது. உழைத்தான். ஜனங்களும் எழுதினார்கள். "அந்த அம்மா எங்கள் கட்டிலிலேயே தூங்கினார்" என்று ஒருவர். "குறட்டையைக் கேட்டதும் எங்களுக்கு நிம்மதி" என்று இன்னொருவர். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று குவிந்தது. ஊரில் யார் வீட்டில் அரித்தாலும் முதல் ஃபோன் அக்காவுக்குத்தான்.

பக்கத்தைத் திறக்கும்போது யாருடைய மெயில் ஐடி போடுவது என்று அவன் கேட்டானாம். "உன்னோடதையே போடு. நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்றாளாம் இவள். அதைச் சொல்லும்போது இப்போதும் தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள்.

சின்னவனுக்குக் கல்யாணமானது, ஒரு குழந்தையும் பிறந்தது. தனிக்குடித்தனம் போனான். கார் கழுவுகிற கடை வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கொஞ்ச நாளில் அக்காவின் ஃபோன் அடிப்பது குறைந்தது. பிறகு எப்போதாவதுதான் அடித்தது. "ஊர்ல பூச்சியெல்லாம் செத்துப்போச்சு போல. நானே என் பொழைப்பைக் கெடுத்துக்கிட்டேன்" என்று சிரித்தாள்.

ஒரு மத்தியானம் பழைய வாடிக்கையாளர் அம்மா ஒருத்தி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"இங்கதான் இருக்கியா? ஃபோன் என்னை ஊரோட அந்தக் கோடியில கொண்டுபோய் விட்டுச்சும்மா! கடை இடம் மாறிடுச்சுன்னு ஒரு பையன் சொல்றான்."

என் ஃபோனை எடுத்துத் தேடினோம். கடைப் பெயர் அதே. நட்சத்திரங்கள் அதே. யாரோ எடுத்துப் போட்டிருந்த, கட்டிலில் அக்கா வாயைப் பிளந்து தூங்குகிற படம்கூட அதே. முகவரியும் நம்பரும் மட்டும் சின்னவனுடையவை.

அக்கா அங்கேயே நின்று அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என் கடை உன் தெருவுக்கு எப்படிடா நடந்து வந்துச்சு?"

"கோவப்படாதீங்க அண்ணி. அக்கவுண்ட் என்னோடது. ஒவ்வொருத்தர் கால்லயும் விழுந்து ரிவ்யூ வாங்கினது நான்."

"பூச்சிக் கட்டில்ல தூங்கினது யாரு? நீயா?"

"அதை யாரு கேக்கிறாங்க? தேடுறவனுக்கு ஸ்டார்தான் கண்ணுக்குத் தெரியும். நீங்க புதுசா ஒரு பக்கம் திறந்துக்கோங்க."

ஃபோனை வைத்தாள். கணவர் அதிசயமாக வாயைத் திறந்தார். "விடும்மா, நம்ம பையன்தானே."

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை பட்டிருந்தால் மருந்து இல்லாமலே பூச்சி செத்திருக்கும். அவர் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மேப் நடத்துகிற கம்பெனிக்கு எழுதினோம். உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும் என்று பதில் வந்தது. உரிமையாளர் யார்? சின்னவன். புதுப் பக்கம் திறந்தோம். தேடினால் மாட்டு ஆஸ்பத்திரிக்கும் கீழே வந்தது.

"ஆளுக்கு ஒண்ணா நாங்க எல்லாரும் அவன் பக்கத்துல ஒத்தை ஸ்டார் போட்டுத் தள்ளுறோம்" என்றேன்.

"பொய்யா எழுதினா அழிக்கச் சொல்லிடுவான். உண்மையா எழுதணும். எழுத வேண்டியதை அவனே செஞ்சு குடுப்பான், பாருங்க."

அவள் நம்பரைச் சேமித்து வைத்திருந்த பழைய ஆட்கள் அவ்வப்போது கூப்பிடுவார்கள். வந்த வேலையை அவள் எடுக்கவில்லை. தேன் ஒழுகப் பேசினாள்.

"கம்பெனி அந்தப் பக்கம் மாறிடுச்சு சார். மேப்ல இருக்கிற நம்பருக்கே கூப்பிடுங்க. ஒண்ணே ஒண்ணு. வேலை முடிஞ்சதும் வந்தவர் உங்க கட்டில்ல தூங்கிக் காட்டணும். அதுதான் கம்பெனி வழக்கம், மேப் பக்கத்துலயே எல்லாரும் எழுதியிருக்காங்க பாருங்க. தூங்காம காசு குடுத்துடாதீங்க."

வீட்டில் வருமானம் நின்றது. கணவர் மருந்து டின்களை இறக்கி வைத்துவிட்டு, வீடு மாற்றுகிறவர்களுக்கு மேசை நாற்காலி ஏற்றப் போனார். முதுகு பிடித்துக்கொண்டு சாயங்காலம் வந்து நிற்பார். அக்கா அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அடுத்த ஃபோனைச் சின்னவன் பக்கம் தள்ளிவிடுவாள்.

சின்னவன் சின்ன வயதிலிருந்தே பூச்சியைக் கண்டால் சொறிகிறவன். அடிப்பதும் தண்ணீர் கலந்த மருந்து. இடுக்கெல்லாம் யார் பார்ப்பது, மேலாகத் தெளித்துவிட்டுக் கிளம்புவான். இப்போது போகிற வீட்டிலெல்லாம் தலையணையைத் தட்டிப் போட்டு "படுங்க தம்பி" என்றார்கள். அவன் வாங்கிவைத்த ரிவ்யூக்களே அவனைக் கட்டிலுக்குத் துரத்தின.

சாயங்காலமானால் அக்கா ஃபோனைப் பிடித்துக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி வாசிப்பாள்.

"கேளுங்க. 'தூங்கச் சொன்னதற்கு முறைத்தார். ஒரு நட்சத்திரம்.' இதைக் கேளுங்க. 'படுத்தார். படுத்த வேகத்தில் துள்ளி எழுந்தார். கழுத்தெல்லாம் தடிப்பு. அந்த அம்மா எங்கே?'"

"உன் கடைப் பேருதானே நாறுது?" என்றேன்.

"நாறட்டும். என் பேரு அடுத்தவன் கையில இருக்கிறப்போ அது மணக்கிறதால எனக்கு என்ன லாபம்?"

பேச்சு அப்படி. ஆனால் நல்லதாக எழுதியிருந்த பழைய ரிவ்யூக்களை அவள் ஒன்றொன்றாகத் திரும்பப் படிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஒற்றை நட்சத்திரமும் அவற்றைக் கீழே தள்ளிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் அவள் கைக்குத் திரும்பி வராவிட்டால் அவள் ஆயுசு உழைப்பு அவனோடு சேர்ந்து அங்கேயே புதையும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

பிறகு அந்த ஃபோன் வந்தது. கூப்பிட்டது சின்னவன் மனைவி, அக்காவின் ஓரகத்தி.

"அக்கா... எங்க வீட்டுல... கொழந்தை உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சுக்கா. சுவத்துல, கட்டில்ல, எங்க பாத்தாலும். இவரு அடிச்சுப் பாத்துட்டாரு, போகல."

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வேலைக்குப் போட்டுட்டுப் போற துணியை எங்க மாத்துறான்?"

"எங்கயும் மாத்துறதில்லைக்கா. நேரா வந்து மெத்தையில விழுந்துடுவாரு."

"கொழந்தையை உங்க அம்மா வீட்டுல விடு. வரேன்."

கட்டிலைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றினாள். "கொழந்தைக்காகப் போறியா?" என்றேன்.

"மருந்து அடிக்கிறது கொழந்தைக்கு. தூங்கப் போறது அவனுக்கு" என்றாள்.

வண்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'மூட்டைப்பூச்சி ஒழிப்பு' என்று இருக்கும். அதை நேராக அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார் கணவர். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சின்னவன் ஓடிவந்தான்.

"அண்ணி, வண்டியைப் பின்னாடி போடலாமே."

"ஏன்? பூச்சி பின்வாசல் வழியாவா வந்துச்சு?"

வேலையில் மட்டும் அவள் குறை வைக்கவில்லை. கட்டிலை நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டோம். தையல் தையலாக மெத்தையை நீராவியால் வெளுத்தாள். ஜன்னல் திரை, சாக்கெட் மூடி, சுவரோரப் பலகை எதையும் விடவில்லை. சின்னவன் அவிழ்த்துப் போட்டிருந்த சட்டையைக் குச்சியால் தூக்கி, தெருவில் நிற்பவர்கள் பார்க்கும்படி வாசலில் வைத்துப் பையில் கட்டினாள். வாடை போனதும் கட்டிலை மறுபடி பொருத்தி, அதில் படுத்துக் கண்ணை மூடினாள்.

நேரம் போனது. சின்னவன் செருமினான். "ஆச்சு அண்ணி. எழுந்திருக்கலாமே."

"பக்கத்தை என் பேருக்கு மாத்து. எழுந்திருக்கிறேன்."

"அது வேற, இது வேற அண்ணி."

"ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நல்ல மெத்தை."

"நான் எவ்வளவு பாடுபட்டு..."

"பாடுபட்டே. அதான் உன்னை மாத்தச் சொல்றேன், போலீஸ்ல சொல்லல."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஜன்னல் கொக்கியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற ஓரகத்திதான் முடித்துவைத்தாள்.

"மாத்திக் குடுங்க. இல்லைன்னா கொழந்தை இருக்கிற இடத்துக்கு நானும் போறேன். அப்புறம் இந்தக் கட்டில்ல நீங்களே தூங்கிக் காட்டுங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஃபோனை எடுத்து விரலால் தட்டினான். அக்கா தன் ஃபோனைத் தலையணைக்கு மேலே பிடித்து, தன் பெயர் வந்ததையும் அவன் பெயர் போனதையும் சரிபார்த்தாள். உடனே எழுந்திருப்பாள் என்று பார்த்தால், திரும்பிப் படுத்து உண்மையாகவே ஒரு தூக்கம் போட்டாள். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு சின்னவன் நின்ற நிலையை நான் எழுதப் போவதில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

எழுந்து கையை நீட்டிக் காட்டினாள். ஒரு தடிப்பு இல்லை. ஓரகத்தியிடம் மட்டும் சொன்னாள்: "வேலை திருப்தியா இருந்தா ரெண்டு வரி எழுதிப் போடும்மா."

ஓரகத்தி அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். "இந்தக் கம்பெனியை என் கணவர் நடத்தியபோது எங்கள் வீட்டுக்கே பூச்சியைக் கொண்டுவந்தார். அக்கா வந்து ஒழித்தார். எங்கள் கட்டிலிலேயே நன்றாகத் தூங்கினார். ஐந்து நட்சத்திரம்."

மறுநாளிலிருந்து அக்கா ஒற்றை நட்சத்திரக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினாள். நான்தான் எழுத்துக் கூட்டிக் கொடுத்தேன். "அன்று வந்தவர் என் கொழுந்தன். இப்போது கம்பெனி என்னிடம். இலவசமாக வந்து செய்து தருகிறேன்." கொழுந்தன் என்கிற வார்த்தையை எதிலும் விடவில்லை. சொன்னபடியே வீடு வீடாகப் போய்ச் செய்தும் கொடுத்தாள். சிலர் நட்சத்திரத்தைத் திருத்தினார்கள். சிலர் திருத்தவில்லை. மேப்பில் மாட்டு ஆஸ்பத்திரியைத் தாண்டி மேலே வந்துவிட்டாள், பழைய முதல் இடம் இன்னும் வரவில்லை.

"மனசு ஆறிச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

போன வாரம் சின்னவன் கடைக்கு வந்தான். கார் கழுவுகிற கடையை நிஜமாகவே திறந்துவிட்டான். அக்கா உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணி, கார் கழுவ வர்றவன் எல்லாம், 'நீதானே வீட்டுக்குப் பூச்சி கொண்டுபோன ஆளு, வண்டிக்குள்ளயும் விட்டுடாதே'ன்னு சிரிக்கிறான். அவ எழுதினதை மட்டும் அழிக்கச் சொல்லுங்க அண்ணி. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"எழுதினவதான் அழிக்க முடியும். உன் பொண்டாட்டிகிட்ட நீ கேளு."

"கேட்டேன் அண்ணி."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ஃபோனை வாங்கி இன்னும் ஒரு வரி சேத்துட்டா."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ரிவ்யூவைத் தேடி எடுத்தாள். அவன் எதிரிலேயே, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு அதன் கீழே "மிக்க நன்றி, மீண்டும் அழைக்கவும்" என்று தட்டி அனுப்பினாள்.