வயர்லெஸ்ஸுக்கு வழிவிட்ட பாட்டு

உப்புக்காற்றில் துருவேறிய கிடார் கம்பியை அழுத்தினால் விரல் நுனியில் ஒரு நாற்றம் ஒட்டிக்கொள்ளும். சோப்புக்கும் அடங்காத அந்த நாற்றத்தோடுதான் எட்டாம் வகுப்பு முழுக்க நான் சோறு தின்றேன். வேளாங்கண்ணியில் கடை வைத்திருந்த மாமா, விற்காமல் கிடந்த கிடார் ஒன்றைக் கொடுத்து, தன் பழைய செல்போனில் ஒரு வீடியோவையும் ஏற்றித் தந்திருந்தார். ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் மெதுவான மெட்டு அது. கேட்டால் கண் செருகும். நான் வாசித்தாலோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் இருக்கும். "ஏன்டி, பின்னாடி நாயா துரத்துது?" என்பாள் அம்மா. விரல்கள் பழகிவிட்டன, நிதானம்தான் வருவேனா என்றது.

அந்த ஐப்பசியில் அப்பா, நாலைந்து நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் விசைப்படகை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும் மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை வந்து சேர்ந்தன. அப்பாவின் படகு மட்டும் வரவில்லை. படகோடு பேச எங்கள் வீட்டில் ஒரு வயர்லெஸ் பெட்டி உண்டு. விடிந்ததிலிருந்து அதில் "கொர்ர்" என்ற இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் இப்படிப் பேசாமல் கூடி உட்கார்ந்திருப்பது எந்த மாதிரி வீட்டில் என்று எனக்கும் தெரியும். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்து விசும்பத் தொடங்கியதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "கடல்ல ஆளு இருக்கையில வீட்டுல அழுவக் கூடாதுக்கா. அழுவுறதுன்னா எந்திரிச்சு ஒங்க வீட்டுக்குப் போங்க" என்றவள், என் பக்கம் திரும்பி, "நீ அதை எடுத்து வாசிடி. வீடு வீடா இருக்கட்டும்" என்றாள்.

வாசித்தேன், வழக்கம்போல ஓட்டமாக. "அடியே, அப்பா கூப்புட்டா எப்படிக் கேக்கும்? விட்டு விட்டு வாசி!" என்று அதட்டினாள் அம்மா.

ஒரு கம்பியைத் தட்டுவேன். அந்த ஒலி அடங்கும்வரை எல்லோரும் பெட்டியையே பார்ப்போம். இரைச்சல்தான் வரும். அடுத்த கம்பியைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. தொட்டுவிட்டால், இந்த முறையும் அவர் பேசவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "மனசுக்கு எதமா இருக்கு புள்ள" என்றாள் பெரியம்மா. எனக்கோ கிடாரைப் போட்டுவிட்டு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது.

உச்சி தாண்டி, இரண்டு ஒலிகளுக்கு நடுவில் பெட்டி பேசியது. "இஞ்சின் நின்னுபோச்சு... வேதாரண்யம் பக்கம் ஒதுங்கி படகைக் கட்டிட்டோம். எல்லாரும் நல்லாருக்கோம்." அதற்கப்புறம் அழுதார்கள் பாருங்கள்! அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இப்போது அந்தப் பெட்டி வீட்டில் இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் வேலை பார்க்கும் தஞ்சாவூரிலிருந்து ஊருக்குப் போனால், சாப்பிட்ட கையோடு, "அந்த மெதுப்பாட்டை வாசி பாப்பா, தூக்கம் சொக்கும்" என்று பாயை விரித்துப் படுத்துவிடுவார். கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த நிதானம் எங்கே கற்றது என்கிறார்கள், நானும் சிரித்து வைக்கிறேன். அம்மா மட்டும் அந்த மெட்டு முடியும்வரை ஒருநாளும் பொறுத்ததில்லை. பாதியிலேயே வந்து, அயர்ந்து உறங்கும் மனுஷனின் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

"ஏங்க, ஏதாவது பேசுங்க."