வெங்காயமும் துலாவும் என் முழங்கால்களும்

கிணற்றுத் தண்ணீருக்குக் காசில்லை என்று நம்பித்தான் நான் தோட்டக்காரன் ஆனேன். மழை பெய்கிறது, ஊற்று ஊறுகிறது, இதில் யார் என்னிடம் கணக்குக் கேட்கப்போகிறார்கள்?

காங்கேசன்துறைப் பக்கம் இருந்த வீட்டையும் கந்தோரில் கோப்புப் புரட்டிய வேலையையும் போருக்கு விட்டுவிட்டு மானிப்பாய்க்கு வந்திருந்தோம். என் மனைவி தோட்டக்காரர் வீட்டுப் பெண். நாலு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்ததும், தன் காப்புச் சோடியில் ஒன்றை விற்று விதை வெங்காயம் வாங்கியதும் அவள்தான். நான் செய்தது, குண்டுவீச்சுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியது. மேலே அடுக்கப் பனங்குற்றி போதவில்லை. கிணற்றடியில் பழைய துலா சும்மா நின்றது. நீளமான பனைமரம், அதன்மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்தால் வாளி கிணற்றில் இறங்கி ஏறும். இறைக்கிற மிசின் வந்த பிறகு அதற்கென்ன வேலை? மரம் அரிகிற வாளை எடுத்தேன்.

"உதிலை கை வைச்சியளெண்டா உங்களைத்தான் பங்கருக்கு மேலை அடுக்குவன்" என்றாள்.

கை வைக்கவில்லை.

வெங்காயம் முளைத்தது. மிசின் மண்ணெண்ணெய் குடித்தது. அரசு எங்கள் பக்கத்துக்குப் பொருள் தடை போட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெய் தேன் விலை விற்றது. தண்ணீர் சும்மாதான், அதை மேலே கொண்டுவரத்தான் காசு என்பது, கையில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு எனக்கு விளங்கியது. வெங்காயம் திரளுகிற நேரம். இறைப்புத் தவறினால் குத்தகையும் காப்பும் சேர்ந்து மண்ணுக்குள் போகும்.

நான் அவளுடைய மற்றக் காப்பைப் பார்த்தேன். அவள் என் கால்களைப் பார்த்தாள்.

மறுநாள் விடிய நான் துலாவில். பக்கத்துத் தோட்டக்காரர் வாளி பிடித்தார். கிணறு இரண்டு தோட்டத்துக்கும் பொது; கூலி வேண்டாம், அவருடைய இறைப்பு முறைக்கும் நான் வந்து மிதிக்கவேண்டும் என்பது பேச்சு. ஏறி நின்றதும் வலிகாமத்துக் கோயில்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. போதாதென்று மிசன் தேவாலயத்துக்கும் ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன்.

"இஞ்சேருங்கோ, மேலை நிண்டு தேவாரமோ பாடுறியள்? பாத்தி காயுது!" என்றாள் மனைவி.

"காலை எடுத்தா விழுந்திடுவனப்பா!"

"பாத்து அண்ணை" என்றார் வாளிக்காரர். "நீங்கள் உள்ளுக்கை விழுந்தா என்ரை முறைத் தண்ணியெல்லோ கலங்கும்."

நடந்தேன். கீழே அவள் மண்வெட்டியோடு நின்றாள். ஒரு பாத்தி நிரம்புவதற்குச் சற்று முன்னரே அடுத்ததைத் திறந்து, இதை ஒரு கொத்து மண்ணால் அடைத்தாள். நான் உயிரைப் பிடித்துக்கொண்டு இறைத்த தண்ணீர் ஒரு உள்ளங்கை அளவுகூட வாய்க்காலில் வீணாகத் தேங்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை. என் மனைவி இவ்வளவு அழகாக ஒரு வேலை செய்து அதுவரை நான் பார்த்ததில்லை. மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது. அதைப் பார்த்துப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். முழங்கால் அறுவடை வரை நடுங்கியது. ஆனாலும் அவளுடைய தண்ணீரை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

அந்தப் போகம் வெங்காயம் விளைந்தது. விற்ற காசு குத்தகைக்கும் எருவுக்கும் மண்ணெண்ணெய்க் கடனுக்கும் போனது. காப்பு திரும்பி வரவில்லை. மிஞ்சிய வெங்காயத்தை விதைக்கென்று பிடி பிடியாகக் கட்டி அடுப்படிக் கூரை வளைமரத்தில் அவள் தொங்கவிட்டாள். அடுத்த போகத்துக்கு நாங்கள் விதை வாங்கவில்லை.