கறுப்பு ஸ்டௌட்டுக்குப் புள்ளி

கறுப்பு ஸ்டௌட் பியருக்குள் ஐஸ் போடக் கூடாது. போட்டால் வாசமெல்லாம் செத்துப்போகும். இதைக் கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கியது.

வெளிநாட்டு இம்பீரியல் ஸ்டௌட் போத்தல் ஒன்றைப் பல மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ருசித்துப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவது என்னுடைய விசர். தேவாலயத்தில் பூசை முடிந்து மட்டக்குளியிலிருந்து மனைவியின் தம்பி வந்தான். ஆளுக்கு அரைக் கிளாஸ் ஊற்றினேன். தார் மாதிரி இறங்கியது.

"முதல்ல மணந்து பாரும்" என்றேன்.

"கோப்பி மணக்குது அத்தான்."

பரவாயில்லையே என்று நினைத்தேன். அதற்குள் அவன் எழும்பிப் போய்க் கை நிறைய ஐஸ் கட்டியோடு வந்தான். தன் கிளாஸில் போட்டான். மரியாதைக்கு என்னுடையதிலும் போட்டான்.

"அக்கா இதை ஃபிரிஜ்ல வைக்க மறந்திட்டா போல."

ஏசினால் குசினியில் சமையலில் நின்ற அவனுடைய அக்காவும் சண்டைக்கு வருவாள். அவள் மிளகாயும் வெங்காயமும் போட்டு உறைப்பாக டெவல் செய்து வைத்த பன்றியிறைச்சியை ஒரு துண்டு, ஸ்டௌட்டை ஒரு மிடறு என்று அவன் முடித்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "பத்துக்கு எத்தனை போடுவீர்?"

கண்ணை மூடி யோசித்தான். "ஒன்பது."

ஐஸ் தண்ணீரிலும் இவனுக்கு ருசி பிடிபட்டிருக்கிறதே. என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"ஏன் ஒண்டைக் குறைச்சனீர்?"

இறைச்சித் தட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"உப்பு கொஞ்சம் கூட. அக்காட்ட சொல்லிப்போடாதீங்க."