ஸ்கேனரும் சம்பந்தியம்மாவும்

என் சம்பந்தியம்மாவை நான் நம்பியதில்லை. அந்த அம்மாவும் என்னை நம்பியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் அடுக்குகிற ஒரே குடோனில் எங்கள் இருவருக்கும் வேலையும் கிடைத்துத் தொலைத்தது.

எங்களுக்கு ஆளுக்கொரு ஸ்கேனர் உண்டு. செல்போனுக்குக் கைப்பிடி வைத்ததுபோல இருக்கும். பெட்டியில் ஒட்டிய கோடுகள்மேல் காட்டி அழுத்தினால் கீச்சென்று கத்தும். கணக்கு நெட் வழியாக ஆபீசுக்குப் போய்விடும்.

ஒரு நாள் சூப்பர்வைசர், "அடுத்த மாசம் இந்த லைனுக்கு ஒரு ஆளு போதும். யாருக்கு ஸ்கேன் கம்மியோ, அவங்க பெருக்கப் போங்க" என்றார். வீட்டில் பெருக்கியே இடுப்பொடிந்தவள் நான். விடுவேனா?

அந்த வாரம்தான் புது ஸ்கேனர்கள் வந்தன. திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இரண்டிலும் நெட் செட்டிங் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு விந்தை. அந்த அம்மா தன்னுடையதை ஆன் செய்தால் என்னுடையதில் நெட் செத்துப்போகும். டீ குடிக்கப் போகும்போது ஆஃப் செய்வார். உடனே என்னுடையது உயிர்பிழைத்துக் கூவும். என் கணக்கைத் தன் பக்கம் இழுக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

"இன்னா சம்பந்தியம்மா, நீங்க ஆன் பண்ணா என்னுது பூடுது?"

"அத்தையேதான் நானும் கேக்கணும்னு கீறேன். ஸ்கேனர்ல கறுப்புக் கயிறு கட்டிவச்சிகினு இன்னா வேலை பண்றீங்க?"

கயிறு கட்டியது உண்மை. அந்த அம்மாவின் கண்ணுக்காகத்தான் கட்டினேன். மறுநாள் அவர் ஸ்கேனரில் எலுமிச்சம்பழம் தொங்கியது. பேச்சு முற்றிச் சத்தமானது. சூப்பர்வைசர் தலையில் கைவைத்து அந்தத் தம்பியைக் கூப்பிட்டார்.

அவர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தார். "ஆச்சி, ஒண்ணுல போட்டத அப்படியே மத்ததுலயும் போட்டுட்டேன். ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ்லா கெடக்கு! ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் மாதிரி. ஒண்ணு உள்ள வந்தா மத்தத வெளிய தள்ளிரும்."

"சம்பந்திங்கள ஒரே வூட்ல குந்தவச்சா அப்டித்தான் தம்பி" என்றேன்.

"ஒண்ணுல மட்டும் கடைசி நம்பர மாத்துனா போதும். யாருக்கு மாத்தட்டும்?"

"அவங்குதுல மாத்து" என்றேன்.

"ஏன், என்னுது இன்னா இளிச்சவாயா? அவங்குதுல மாத்து."

நல்ல நம்பரை ஒருத்தி அமுக்கிக்கொள்வாள் என்று இருவருக்கும் சந்தேகம். கடைசியில் பாவம், அந்தத் தம்பி இரண்டுக்குமே புது நம்பர் போட்டார். அதையும் இருவர் கண்ணெதிரே போடவைத்தோம்.

"இதுவரைக்கும் வந்த கணக்கு செல்லாது. இன்னையிலேர்ந்து புதுசா எண்ணுவோம்" என்றார் சூப்பர்வைசர்.

இரண்டு ஸ்கேனரும் ஒன்றாகக் கீச்சிட்டன. டீ மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"டீக்குப் போவலியா சம்பந்தியம்மா?" என்றேன்.

"நீங்க மொதல்ல போங்க."

அன்று இருவருமே டீ குடிக்கவில்லை.