மத்தியானத்தில் மெதுவான கணினி

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார்களுக்கான எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. லைனின் கடைசியில் நின்று ஒவ்வொரு போர்டையும் கணினியில் செருகிச் சோதித்தவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். காண்ட்ராக்ட் ஆள். குன்றத்தூரில் தோழிகளோடு ஓர் அறையில் இருந்தாள்.

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து மத்தியானமானால் அவள் சோதித்து முடிக்கும் போர்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. அதே கணினியில் நைட் ஷிப்ட் ஆளுக்குக் குறையவில்லை. அதுவே அவளுக்கு வினையாயிற்று.

"இன்னாம்மா, நின்னுகினே தூங்குறியா? இந்த வாரமும் இப்பிடின்னா காண்ட்ராக்ட் நீட்ட மாட்டேன்," என்றார் சூப்பர்வைசர்.

"நான் தூங்கலை சார். பெட்டிதான் மெள்ள ஓடுது."

லைனே சிரித்தது. கம்ப்யூட்டருக்குக் களைப்பு வருமா என்று கேட்டார்கள். கேன்டீனில் அவள் என்னிடம் வந்தாள். "நீங்களாவது நம்புங்கண்ணே. வேலை போயி ஊருக்குப் போனா உடனே கல்யாணம் பேசிருவாவ."

நான் நம்பினேன். கணினியின் இயங்குதளத்தில் கெர்னல் என்று ஓர் அடிப்படைப் பகுதி உண்டு. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடேறினால், எரிந்துபோகாதபடி அது வேகத்தைக் குறைத்துவிடும். திரையில் ஒன்றும் காட்டாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னால் நிற்கிறவள் மேல் பழி விழும் என்று அதை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஓடும் லைனை நிறுத்த விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெட்டியைத் திறந்தேன். பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலையை யாரும் கழற்றவில்லை. காய்ந்து உதிர்ந்த இதழ்களை உள்ளே இருந்த விசிறி இழுக்க, அவை காற்றுப் போகும் வழியையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. தகரக் கூரையின் பகல் அனல் வேறு. சுத்தம் செய்து மத்தியானம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். வேகம் குறையவே இல்லை.

திங்கட்கிழமை காலை இதழ்களைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினேன். "சனிக்கெழமையே அவ ஐடி கார்ட வாங்கிகினு ஊட்டுக்கு அனுப்பிட்டேன்," என்றார். எல்லாவற்றையும் விளக்கினேன். இதழ்களைப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"சாமிக்குப் போட்ட பூவப் போய் குத்தம் சொல்றியே தம்பி."

அவள் இடத்தில் புதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அன்று மத்தியானமும் எண்ணிக்கை குறையவில்லை. சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"பாத்தியா? ஆள மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சு."