ஈ மொய்க்காத வால்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி விட்டுவிட்டுப் போனது. ஆறும் ராயபுரத்துக் கறி தின்று வளர்ந்தவை. ஒன்றுகூட சோடை இல்லை. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

போன வாரம் காலேஜ் பெண் ஒருத்தி தெருவில் வீடு வீடாகக் கேள்வி கேட்டு, பதிலைப் போனில் குறித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, கறி வாங்கும்போது எந்த ஊர் ஆடு என்று பார்ப்பீர்களா என்று கேட்டாள். "பாக்காம? வாலப் பாத்துதான் வாங்குவேன்" என்றேன். அவள் போனில் வாலுக்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்காகத்தான் இது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஹார்பரில் மூட்டை இறக்கினார். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, இரண்டு பேருடைய பிள்ளைகளுமாக ஏழு என்று வீட்டில் பதினோரு பேர். அந்த ஏழில் மூத்தவள் அக்கா, பிள்ளை பெற்று வந்திருந்தாள். தொட்டிலில் கிடந்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்குப் பல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் கறி வாங்கப் போவது என் வேலை. மார்க்கெட் முனையில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஆட்டை உரிக்கும்போது வாலை மட்டும் முடியோடு விட்டுவிடுவார்கள். வெள்ளாடா செம்மறியா என்று வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ள அதுதான் அத்தாட்சி. பொன்னேரிப் பக்கம் மேய்ந்த வெள்ளாடு என்றால் உசத்தி. கூட்ஸ் ரயிலில் நாள் கணக்காகப் பட்டினி நின்று வருகிற செம்மறி என்றால் விலையும் கம்மி, மதிப்பும் கம்மி. பிள்ளை பெற்றவளுக்கு வெள்ளாடுதான் போட வேண்டும் என்பது எங்கள் தெருவில் வேதம் மாதிரி.

நான் வாலைப் பார்ப்பேன். பாய் "வூட்ல எல்லாரும் கீறாங்களா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே பெரிய பொட்டலம் ஒன்றும், தனியாக நூல் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றும் தருவார். சின்னதை அம்மாவிடம் மட்டும் கொடுக்க வேண்டும். ஏன் இரண்டு என்று நான் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு, அக்காவின் மாமியார் திருவொற்றியூரிலிருந்து சொல்லாமல் வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னா சம்பந்தி, ரயில்ல வந்த செம்மறியா? பச்ச ஒடம்புக்காரிக்கு இத்தத்தான் போட்டுகினு கீறியா? அடுத்த ஞாயித்துக்கெயம வருவேன். இதே கறின்னா, எம் மருமவளயும் புள்ளயயும் கையோட இட்டுகினு பூடுவேன்."

அக்காவுக்கு அப்போது எழுந்து நடக்கவே தெம்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா திரும்பி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"வாலப் பாத்து வாங்குன்னு எத்தினி தபா சொன்னேன்? கண்ண எங்கடி வெச்சிருந்த?"

"பாத்துதாம்மா வாங்கினேன்! வெள்ளாட்டு வாலுதான், கருப்பு, நடுவுல வெள்ளத் திட்டு!"

யாரும் நம்பவில்லை. சித்தி பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க என்னைப் பார்த்து "மே… மே…" என்று கத்தினார்கள். அந்த அறை வலிக்கவில்லை, 'மே'தான் வலித்தது.

அடுத்த ஞாயிறு கிளம்பும்போது அம்மா காதோடு சொன்னாள்: "சின்னப் பொட்டலத்த கொஞ்சம் பெருசா கட்டச் சொல்லு. பாய்க்குப் புரியும்." நான் தலையாட்டினேன். என் புத்தியெல்லாம் வாலில் இருந்தது.

கடையில் நல்ல கூட்டம். எல்லாம் எங்கள் தெருப் பெண்கள். எனக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள், அதனால் ஆற அமரப் பார்க்க நேரம் கிடைத்தது. தொங்கிய ஆட்டில் தொடையில் ஈ, விலாவில் ஈ, கழுத்தில் ஈ. வாலில் மட்டும் ஒரு ஈகூட உட்காரவில்லை. இன்னும் கிட்டே போனேன். வால் சருகு மாதிரி காய்ந்திருந்தது, உப்பு பூத்திருந்தது. கருப்பு. நடுவில் வெள்ளைத் திட்டு.

கத்தினேன். ஹார்பர் சங்கு தோற்றிருக்கும்.

"பாய்! இது போன வாரத்து வாலு! ஆடு புச்சு, வாலு பயசு!"

எட்டி இழுத்தேன். வால் சணல் கயிற்றோடு என் கையில் வந்துவிட்டது. அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் சேர்ந்து பாயைப் பிடித்துக்கொள்வார்கள், மார்க்கெட்டே திரளும் என்று நினைத்தேன். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒருத்தி தரையைப் பார்த்தாள். கோடி வீட்டு அத்தை மட்டும் என் தோளைப் பிடித்து, "சும்மா இருடி, பேஜாரு பண்ணாத" என்றாள்.

பாய் கத்தியைக் கீழே வைத்தார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தப்புதாம்மா. நாந்தான் டபாய்ச்சிட்டேன். என்னியத் தவிர யாரு மேலயும் தப்பில்ல."

உள்ளே போய் வேறொரு ஆட்டைத் தோளில் தூக்கி வந்து மாட்டினார். அதன் வாலில் ஈ மொய்த்தது. தொடையிலிருந்து வெட்டி, நான் கொண்டுபோன அதே காசுக்கு அதே எடை போட்டுக் கொடுத்தார். அன்றைக்குப் பொட்டலம் ஒன்றுதான். ஒரு கையில் கறி, ஒரு கையில் வால். வழியெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

அம்மா வாலைப் பார்த்தாள், கறியைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "பாய் வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "அவரு இன்னா சொல்வாரு? மாட்டிகினாரு!" என்றேன்.

மாமியார் வந்தார், தின்றார். மறுசோறு கேட்டுத் தின்றார். எலும்பை உறிஞ்சிவிட்டு, "இதான்டி பொன்னேரி ஆடு. புள்ள மூணு மாசமும் இங்கியே இருக்கட்டும்" என்றார். அக்கா சிரித்ததை அந்த மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். அம்மா நல்லி எலும்பை எடுத்து, அப்பாவுக்கும் முன்னால் என் தட்டில் வைத்தாள். 'மே' அன்றோடு நின்றது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு அம்மாவே என்னோடு கடைக்கு வந்தாள். கடையில் இரண்டு கொக்கி தொங்கியது, ஒன்றில் வெள்ளாடு, ஒன்றில் செம்மறி, இரண்டுக்கும் சொந்த வால். பாயை நான் திருத்திவிட்டேன் என்று கர்வமாக நின்றேன். அம்மா கூட்டத்துக்கு நடுவில் குரலை உயர்த்தினாள்.

"பாய், எங்க வூட்ல பதினோரு பேரு. செம்மறி போடு. புள்ள பெத்தவளுக்கு மட்டும் வெள்ளாடு, தனியா கட்டு."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் ஜெயித்துக் கொடுத்ததை இவள் தோற்கிறாளே என்று அழுகை வந்தது. ஆனால் கோடி வீட்டு அத்தை உடனே, "எனக்கும் செம்மறி, பாய். எட்டுப் பேரு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு வரிசை முழுக்க, இத்தனை பேர், இத்தனை பேர் என்று சிரித்துக்கொண்டே சொல்லி வாங்கினார்கள்.

கல்யாணமாகி, ஆறு தட்டு வைத்துக் கறியைப் பங்கிட ஆரம்பித்த பிறகுதான் அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த வால பாய் எங்கடி மாட்டினாரு? அக்கம்பக்கம் பாக்குதேன்னு, நாங்கதான் கேட்டு மாட்டச் சொன்னோம். எங்க காசு செம்மறிக் காசு. சின்னப் பொட்டலம் மட்டுந்தான் வெள்ளாடு, ஒன் அக்காவுக்கு."

நான் அத்தனை பேர் எதிரில் ஏமாற்றுக்காரர் என்று கத்தியபோது, அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெருவே தலைகுனிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வெள்ளாட்டையும் வெட்டிக் கொடுத்து, கெட்ட பேரையும் வாங்கிக்கொண்டார். பத்து வயதில் நான் பார்த்தது வாலை மட்டும்தான்.

அவ்வளவுதான். பேத்தியைக் கூப்பிடுகிறேன்: ஏ புள்ள, இங்க வா. அந்தக் காலேஜ் பொண்ணுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இத்த ஒரு தபா படிச்சிக் காட்டு. பாய் தப்ப ஒத்துக்கிற எடத்துல மட்டும் கொஞ்சம் நிதானமா படி.