பென்ஷன் செமினாரில் கேட்கக்கூடாத கேள்வி

நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது என் வாட்ஸ்அப்புக்கு ஓர் அழைப்பு வந்தது. "நீங்கள் தூங்கும்போதும் உங்கள் பணம் உழைக்க வேண்டுமா?"

நியாயமான கேள்விதான். முப்பத்துநான்கு வருட அரசாங்க உத்தியோகத்தில், நான் தூங்கும்போது என் பணம் ஒருநாளும் உழைத்ததில்லை. உழைக்க வேண்டிய நேரத்தில் நான் தூங்கியதுண்டு... ஆனால் அதை எந்த நிறுவனமும் முதலீடாக ஏற்றுக்கொள்வதில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் புத்தளத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன். கடைசிப் பத்து வருடம் மற்றவர்களின் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்ப்பதுதான் என் வேலை. யார் எப்போது ஓய்வு பெறுகிறார், யாருக்கு எவ்வளவு கிடைக்கும் - எல்லாம் என் விரல் நுனியில். சொந்த ஓய்வுக்கு என்ன திட்டம் வைத்திருந்தேன் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். நானே அதுவரை கேட்டிருக்கவில்லை.

அறுபது வயது நெருங்கியது. பணிக்கொடை என்று ஒரு தொகை மொத்தமாக வரப்போகிறது. அப்போதுதான் பயம் பிடித்தது. அழைப்பின் அடியில் 'பகல் சாப்பாடு இலவசம்' என்றும் இருந்தது. பயமும் பிரியாணியும் சேர்ந்து அழைத்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

"சும்மா பிரியாணி போட யாருக்கும் விசரா?" என்றாள் என் மனைவி பரீதா. "போறதெண்டா லாத்தாவையும் கூட்டிட்டுத்தான் போகணும். நீங்க கையெழுத்துப் போடாம அவ பாத்துக்குவா."

லாத்தா என்பது பரீதாவின் அக்கா, நபீலா. எனக்கு மைனி. இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தின்போது, அங்கிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கும் பரீதாவுக்கும் நிக்காஹ் நடந்தது. மைனி தையல் மெஷின் மிதித்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவரிடம் யாரும் எதையும் எளிதில் விற்க முடியாது. மீன்காரர்கள் அவர் வாசலில் சத்தம் போடாமல் போவதை நானே கண்டிருக்கிறேன்.

நாங்கள் மூவரும் போனபோது கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு தம்பி. பெயர் ஷிஹாம். வயது இருபத்தெட்டு, முப்பது இருக்கும். புத்தளத்து வெயிலில் கோட்டும் டையும் போட்டிருந்தார். அந்தத் தியாகத்துக்காகவே ஒரு பொலிசி எடுக்கலாம் என்று தோன்றியது.

முதல் படம் திரையில் விழுந்தது. நரைத்த தலை வெள்ளைக்கார ஜோடி ஒன்று கைகோர்த்துக் கடற்கரையில் ஓடுகிறது. "இதுதான் பினான்சியல் ஃப்ரீடம்!" என்றார் ஷிஹாம்.

நம் பக்கத்தில் அறுபது வயதில் ஒருவர் மனைவியோடு கடற்கரையில் ஓடினால், யார் துரத்துகிறார்கள் என்றுதான் முதலில் கேட்போம்.

பிறகு கணக்கு. மாதம் எவ்வளவு செலவு, எத்தனை வயது வரை இருப்பீர்கள் - இதை எழுதச் சொன்னார்கள், உயிரெடுக்க வரும் மலக்குல் மௌத்திடம் முன்கூட்டியே பேசி வைத்தது போல - விலைவாசி எவ்வளவு ஏறும்... எல்லாவற்றையும் பெருக்கினால் வந்த தொகையைப் பார்த்து என் பேனாவே நின்றுவிட்டது. நான் ஓய்வு பெற வேண்டுமானால் இன்னும் எண்பத்தொரு வருடம் வேலை செய்ய வேண்டும்.

"பயப்பட வேணாம்," என்றார் ஷிஹாம். "எங்கட கோல்டன் பிளேன் இருக்கு. இப்ப மொத்தமா போடுறீங்க. பதினஞ்சு வருஷம் தொடக் கூடா. அதுக்குப் பொறகு நீங்க ராஜா."

எழுபத்தைந்து வயதில் ராஜா! ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் மனம் அதில் விழுந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் என் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மைனி சாப்பாட்டு மேசையில் வட்டிலப்பம் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஷிஹாம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. ஒரு சின்ன எக்ஸசைஸ். உங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் தாறன். நீங்க வீட்ட விட்டுப் போகணும். திரும்பி வர ஏலாது. உங்கட சொத்தெல்லாம் போகுது. சும்மா கற்பனை பண்ணிப் பாருங்க... கையில என்னத்த எடுப்பீங்க?"

பலர் கண்ணை மூடினார்கள்.

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் பாதி மண்டபம் சிரித்தது. அறுபது வயது தாண்டிய ஆண்களும் பெண்களும், கண்ணில் நீர் வரும்வரை. மற்றப் பாதி, அதாவது என்னைப் போல் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாவம், ஷிஹாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் கோட்டில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முன்வரிசையிலிருந்த மைனியிடம் மைக்கை நீட்டினார். "ஆண்ட்டி, நீங்க சொல்லுங்க. கண்ண மூடிட்டு..."

"கண்ண மூடத் தேவல்ல தம்பி," என்றார் மைனி. "எங்களுக்கும் ரெண்டு மணித்தியாலம்தான் தந்தாங்க."

சிரிப்பு நின்றது. மைனி எழும்பவில்லை. கதிரையில் இருந்தபடியே, சந்தையில் மீன் விலை சொல்வது போலச் சொன்னார்.

"எண்ட மாப்பிள மஃரூப், பிள்ளைகள்ட வாப்பா, திட்டம் போடுறதில அவர மிஞ்ச ஆளில்ல. ரெண்டு மணித்தியாலத்தில ஒரு நிமிஷம் வீணாக்கல்ல. வீட்டு உறுதிப் பத்திரம், பேங்க் புத்தகம், எண்ட நகை எல்லாத்தையும் ஒரே பேக்ல வெச்சிக் கட்டினாரு. நான் ஒண்டுக்கும் உதவாத ஆள். சின்னவனுக்குக் காய்ச்சல். அவண்ட பால்மா டின்னையும் குளிசையையும்தான் தேடினன். குளிசை சுத்த ஒரு துண்டு கடதாசி வேணும். அலுமாரிக்கு மேல கெடந்தத எடுத்துச் சுத்தி, அவண்ட பேக்ல போட்டுட்டன்."

"பொறகு?" என்றார் ஷிஹாம். மைக் இல்லாமலே கேட்டது.

"பொறகென்ன? சந்தியில செக் பண்ணினாங்க. அவர் கட்டின பேக்க வாங்கிட்டாங்க. பிள்ளைட பேக்க ஆரும் பாக்கல்ல. அவர் அந்தப் பேக்க நெனச்சி நெனச்சியே... பதினொரு வருஷத்தில மௌத்தாயிட்டாரு."

மைனி முக்காட்டை இழுத்துவிட்டார்.

"யுத்தம் முடிஞ்ச பொறகு ஊருக்குப் போனா, எங்கட வீட்டில வேற ஆக்கள். இது எங்கடது எண்டா, உறுதியக் காட்டு எண்டாங்க. உறுதிக்கு எங்க போற? உறுதி நம்பரும் தெரியா. அப்பதான் அந்தக் குளிசை சுத்தின துண்டு ஞாபகம் வந்தது. எறியாம வெச்சிருந்தன், ஏனெண்டு எனக்கே தெரியா. எடுத்துப் பாத்தா வீட்டுக்குச் சோலைவரி கட்டின ரிசீட். அவர்ட பேர், வீட்டு நம்பர், எல்லாம் இருந்திச்சி. அதப் புடிச்சிப் புடிச்சிப் போய்த்தான் பழைய பதிவக் கண்டுபுடிச்சம். மூணு வருஷம் அலைஞ்சம். வீடு கெடச்சது."

யாரோ கைதட்டினார்கள். ஷிஹாமுக்கு உயிர் வந்தது. பயிற்சி அப்படி! "சுப்பர் ஆண்ட்டி! இதிலிருந்து நாங்க என்ன படிக்கிறம்? முக்கியமான டொகியுமென்ட்ஸ் எல்லாத்தையும் பாதுகாப்பா ஒரே இடத்தில..."

"ஒரே இடத்தில வெச்சதுதான் போச்செண்டு சொல்றன், விளங்கல்லயா?"

மண்டபம் மறுபடி சிரித்தது. மைனி விடவில்லை. "தம்பி, உங்கட கொம்பனி தொடங்கி எத்தன வருஷம்?"

"மூணு வருஷம் ஆண்ட்டி."

"எங்கட வீடு அறுபது வருஷம் இருந்திச்சி," என்றார் மைனி. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் சத்தமில்லாமல் படிவத்தைக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஷிஹாம் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். கோட்டைக் கழற்றியிருந்தார். கோட்டில்லாமல் பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"மன்னிச்சிக்கங்க ஆண்ட்டி. அந்தக் கேள்வி ஹெட் ஒஃபீஸ் அனுப்பின சிலைட்ல இருக்கிறது. நான் மாத்த ஏலா."

"நீங்க எந்த ஊர் மகன்?" என்று கேட்டாள் பரீதா.

"இங்கதான், ஆலங்குடாப் பக்கம். உம்மா வாப்பா எருக்கலம்பிட்டி."

எருக்கலம்பிட்டி மன்னார் தீவில் இருக்கிறது. அங்கிருந்தவர்கள் அதே வருடம் வள்ளத்தில் கடல் தாண்டிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். மைனி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உங்கட உம்மா என்னத்த எடுத்துட்டு வந்தா?"

ஷிஹாமின் கை பிரியாணியில் அப்படியே நின்றது. "தெரியா ஆண்ட்டி. நான் கேட்டதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர் ஊராகப் போய், மைக் பிடித்து, ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்காத பிள்ளை! இதை இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டும், நன்றாகக் கிண்டல் செய்யலாம் என்று மனதுக்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது த்ரீவீலரில் மைனியை அவர் வீட்டில் இறக்கினோம். பிறகு நானும் பரீதாவும் மட்டும். பக்கத்தில் உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் இவளோடு குடும்பம் நடத்துகிறேன். நான் கேட்டிருக்கிறேனா?

"நீ என்னத்த எடுத்துட்டு வந்த?" என்றேன்.

பரீதா வெளியே பார்த்தபடி இருந்தாள். 

"செருப்பு மாறிப் போட்டுட்டு வந்தன்," என்றாள். "லாத்தா வீட்டு வாசல்ல அவசரத்தில மாட்டினது, ஒரு கால்ல எண்டது, மத்தக் கால்ல லாத்தாடது. பாதி வழி வந்த பொறகுதான் கண்டன். லாத்தாவும் அப்படித்தான். ரெண்டு பேரும் மாத்திக்கொள்ளவும் இல்ல. அப்படியே நடந்தம்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

எத்தனை பேருடைய கோப்பில் 'விபரம் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்? என் வீட்டுக் கோப்பில் முதல் பக்கமே வெறுமையாக இருந்திருக்கிறது.

"அந்தப் பணிக்கொடைக் காசில உனக்கென்ன வேணும்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியையும் அன்றுதான் முதல்முறை கேட்டேன். கூரையைத் திருத்துவது, வங்கியில் போடுவது, மகளுக்குக் கொஞ்சம் கொடுப்பது... எல்லாம் நானே தீர்மானித்து வைத்திருந்தவை.

பரீதா யோசிக்கவே இல்லை. "எண்ட பேரில ஒரு உறுதி. சின்னத் துண்டெண்டாலும் பரவால்ல. யாழ்ப்பாணத்தில இருந்தது வாப்பாட வீடு. இங்க இருக்கிறது உங்கட வாப்பாட வீடு. நீங்க ஒண்டும் குறை வெக்கல்ல, அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றன். ஆனா இது எண்ட இடம் எண்டு காட்ட எனக்கிட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்ல."

 

ஹஜ் பெருநாளுக்குப் பிறகு நான் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை வந்தது. நிதி ஆலோசகர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வந்ததில் பெரும்பகுதியைக் கொண்டு கற்பிட்டி வீதிக்கு உள்ளே பத்துப் பேர்ச் அளவில் ஒரு சின்ன மணல் நிலம் வாங்கினோம். வட்டி வராது. வாடகை வராது. இரண்டு தென்னை நிற்கின்றன, இரண்டும் காய்ப்பதில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. ஆனால் பத்திரம் எழுதிய நொத்தாரிசு, உறுதியை வாசித்து, 'கொள்வனவாளர்' என்ற இடத்தில் அவள் முழுப் பெயரையும் சொன்னபோது, பரீதா "இன்னொரு தரம் வாசிங்க சேர்" என்றாள். அவர் வாசித்தார். மூன்றாம் முறையும் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஷிஹாம் போன வாரம் கோல் எடுத்தார். பொலிசி விற்க என்று நினைத்துப் பயந்துவிட்டேன். இல்லை, மைனிக்குச் செய்தி சொல்லத்தான்.

"உம்மாட்ட கேட்டன் அங்கிள். பின்னேரம் அஸருக்குத் தொடங்கின கதை, பொழுது பட்டு மஃரிபுக்கும் முடியல்ல. அடுத்த நாள் எனக்கு ரெண்டு மீட்டிங். போகல்ல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னத்த எடுத்துட்டு வந்தா எண்டு மட்டும் கேக்காதீங்க. அது எங்களுக்குள்ள இருக்கட்டும்."

சரி என்றேன். அந்த சிலைட் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன்.

"புத்தளத்தில இது சரிவரல்ல, ஆக்கள் சிரிக்கிறாங்க எண்டு ஹெட் ஒஃபீஸுக்கு எழுதினன். மாத்திட்டாங்க. இப்ப, உங்களுக்கு லொத்தர் சீட்டு விழுந்தா என்ன செய்வீங்க எண்டு கேக்கணுமாம்."

சூதாட்டம் ஹராம் என்றிருக்கும் முஸ்லிம்கள் நிறைந்த மண்டபத்தில், லொத்தர்! தலைமை அலுவலகங்களை அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும்.

பரீதா சும்மா இருக்கவில்லை. வீடு கட்ட இப்போதைக்குக் காசில்லை என்று தெரிந்தும், ஒரு தபால் பெட்டி வாங்கி, தன் பெயரை எழுதி, தென்னை மரத்தில் அடித்துவிட்டு வந்திருக்கிறாள். நேற்றுப் போய்ப் பார்த்தோம். பெட்டிக்குக் கீழே, நிழலில், ஊர்க் கழுதை ஒன்று சாவகாசமாகப் படுத்திருந்தது. துரத்தப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

அந்தக் காணியிலிருந்து யாரையும் எழுப்ப மாட்டாளாம்.